15 கிலோவுக்குள் ஸ்கூபா

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். உள்நாட்டு எகானமி டிக்கெட்டில் பெரும்பாலும் கிடைப்பது செக்-இன் பைக்கு 15 கிலோ, கையோடு கொண்டுபோக 7 கிலோ. சொந்த ஸ்கூபா சாமான் வைத்திருப்பவர் இந்த இரண்டு எண்ணையும் பார்த்தவுடன், கூடுதல் எடைக்குக் கிலோவுக்கு எவ்வளவு என்று தேடத் தொடங்கிவிடுகிறார். அந்தத் தேடலைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். எந்தச் சாமான் ஊரிலிருந்து வர வேண்டும், எது போகிற இடத்தில் கிடைத்தால் போதும் என்று வீட்டில் உட்கார்ந்து பிரிப்பதுதான் முதல் வேலை. அதற்கு ஒரே அளவுகோல் போதும் என்பது இந்த அத்தியாயத்தின் வாதம். முகத்திலும் வாயிலும் மணிக்கட்டிலும் ஒட்டுவது உங்களுடையதாக இருக்கட்டும், அதுவும் கைப்பையில் வரட்டும். அலுமினியம், எஃகு, ஈயம் எல்லாம் அந்த ஊர்க்காரருடையதாக இருக்கட்டும். இடையில் மிஞ்சுகிற பிசிடி, ஃபின்ஸ், வெட்சூட் மூன்றுக்கும்தான் கணக்குப் போட வேண்டியிருக்கும். இப்படிப் பிரித்தால் எடை குறையும் என்பது வெளிப்படை. பை வராமல் போனாலும், வாடகைச் சாமான் மட்டமாக இருந்தாலும் இதே பிரிவினைதான் கைகொடுக்கும் என்பதைப் போகப் போகப் பார்க்கலாம்.

ஒரு முழு செட்டைத் தரையில் பரப்பிக் கொக்கித் தராசில் ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். ஜாக்கெட் வகை பிசிடி 3.6 கிலோ. ஆக்டோபஸ், பிரஷர் கேஜ் சேர்த்து ரெகுலேட்டர் 2.6. பின்பக்கம் பட்டை வைத்த ஃபின்ஸ் 2.4, அதற்குப் போடும் பூட்ஸ் 0.9. மூன்று மில்லிமீட்டர் முழு வெட்சூட் 1.6. மாஸ்க்கும் ஸ்னார்க்கலும் 0.6, டைவ் கம்ப்யூட்டர் 0.15, மேலே வரும்போது ஊதிவிடும் அடையாள பலூனும் அதன் கயிற்றுச் சுருளும் 0.6, டார்ச் 0.5, கத்தி 0.2, ஓ-ரிங்கும் பட்டையும் போட்ட சில்லறை டப்பா 0.4. தயாரிப்புக்குத் தயாரிப்பு முன்னே பின்னே இருக்கும். நடுத்தரமான செட் இப்படித்தான் வரும். கூட்டினால் 13.55 கிலோ. பரவாயில்லையே, ஒன்றரைக் கிலோ மிச்சம் இருக்கிறதே என்று தோன்றும். சக்கரமும் கைப்பிடியும் வைத்த டைவிங் பை மட்டும் 3.8 கிலோ இருக்கும் என்பதை இன்னும் சேர்க்கவில்லை. மொத்தம் 17.35. மாற்று உடை ஒன்றுகூட வைக்கும் முன்பே வரம்பு தாண்டிவிட்டது.

இதே பட்டியலில் கை வைத்துப் பார்க்கலாம். ரெகுலேட்டரைக் கைப்பைக்கு மாற்றினால் 2.6 குறைகிறது. மாஸ்க், ஸ்னார்க்கல், கம்ப்யூட்டர், டார்ச் நான்கையும் அதோடு சேர்த்தால் இன்னொரு 1.25. ஜாக்கெட் பிசிடிக்குப் பதிலாகப் பயணத்துக்கென்று தைத்த மெல்லிய பிசிடி வைத்திருப்பவருக்கு 1.2 மிச்சம். பலரும் யோசிக்காத இடம் கடைசியில் இருக்கிறது. சக்கரப் பையை விட்டுவிட்டு 1.2 கிலோவில் வரும் சாதாரண டஃபிள் பைக்கு மாறினால் 2.6 கிலோ குறைகிறது. ஒரு ரெகுலேட்டர் செட்டின் எடை அது. புதிய ஃபின்ஸும் புதிய பிசிடியும் வாங்கி நூறு நூறு கிராமாக எடை குறைக்கிறவர்கள், வெறும் பைக்கு இத்தனை கிலோவைக் கொடுத்துக்கொண்டிருப்பது வேடிக்கைதான். எல்லாம் சேர்த்து செக்-இன் பை 9.7 கிலோவுக்கு வந்துவிடும், துணிக்கு 5.3 கிலோ இடம் இருக்கும். கைப்பையில் 3.85 கிலோ சாமான், பையின் எடை 0.8 என்றால் 4.65. போனும் சார்ஜரும் மருந்தும் வைக்க இரண்டு கிலோவுக்கு மேல் பாக்கி. இதுவரை ஏர்லைனுக்குக் கூடுதலாக ஒரு ரூபாயும் கொடுக்கவில்லை.

பட்டியலில் சிலிண்டரும் ஈயமும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். உலகம் முழுக்கப் பரவலாகப் புழங்கும் 80 கன அடி அலுமினியம் சிலிண்டர் காலியாகவே ஏறக்குறைய 14 கிலோ. ஒரு சிலிண்டர் வைத்தாலே உள்நாட்டு வரம்பு முடிந்தது. எடையை விட்டாலும், காற்று நிரம்பிய சிலிண்டர் பயணிகள் பையில் ஏறாது. காலி சிலிண்டர் என்றாலும் வால்வை முழுக்கக் கழற்றி, உள்ளே கண்ணால் பார்க்கும்படி திறந்து வைத்திருந்தால்தான் அனுமதி என்கிறது அமெரிக்க விமான நிலையப் பாதுகாப்பு அமைப்பான டி.எஸ்.ஏ. வால்வைக் கழற்றிய சிலிண்டருக்குள் ஈரமும் தூசும் போகும். இறங்கிய இடத்தில் உள்ளே பரிசோதித்து, ஓ-ரிங் மாற்றி, வால்வை முறையாக முடுக்கிய பிறகே காற்று நிரப்பக் கொடுக்கலாம். இவ்வளவும் செய்து கொண்டுபோவது, டைவிங் கடையின் சுவரோரம் வரிசையாக நிற்கும் அதே சிலிண்டரை. ஈயத்துக்கும் இதே கதைதான். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் கயிற்றில் கட்டிய கல்லின் பாரத்தில் கீழே இறங்கினார்கள். அடி தொட்டதும் கல்லை விட்டுவிடுவார்கள். படகில் இருப்பவர் இழுத்துக்கொள்வார். இறக்கும் பாரம் படகின் பொறுப்பு என்கிற அந்த ஏற்பாடு இன்றும் மாறவில்லை. டைவ் கட்டணத்தில் சிலிண்டரும் ஈயமும் பெரும்பாலான இடங்களில் அடக்கம்.

கொஞ்சம் தேர்ந்தவர்கள் தடுமாறுவது எஃகு முதுகுத் தகட்டில். தகடும் இறக்கையும் வைத்த அமைப்பில் எஃகுத் தகடு இரண்டரைக் கிலோ வரை இருக்கும். காரில் கடற்கரைக்குப் போகிறவருக்கு அது லாபம், ஏனென்றால் இடுப்பில் கட்டும் ஈயத்தில் ஏறக்குறைய அதே அளவு குறையும். விமானத்தில் போகிறவருக்குக் கணக்கு தலைகீழ். எஃகை ஊரில் விட்டுவிட்டு, ஒரு கிலோ அளவில் வரும் அலுமினியத் தகட்டையோ வெறும் பட்டைப் பின்னலையோ கொண்டுபோய், அங்கே கூடுதலாக ஈயக் கட்டி கேட்டு வாங்கிக்கொண்டால் நீருக்கடியில் வித்தியாசம் தெரியாது. தண்ணீரில் வேண்டிய பாரம் தண்ணீர்க் கரையில் இலவசமாகக் கிடைக்கும்போது அதை வானத்தில் ஏற்றிக் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை. மெல்லிய பிசிடிக்கு மாறியவர்களும் எஃகு சிலிண்டரிலிருந்து அலுமினியத்துக்கு மாறுகிறவர்களும் முதல் டைவில் ஈயத்தின் அளவைப் புதிதாகச் சரிபார்க்க வேண்டும். அலுமினியம் சிலிண்டரில் நிரப்பும் காற்றே இரண்டரைக் கிலோவுக்கு மேல். அது தீரத் தீர சிலிண்டர் மிதக்கப் பார்க்கும். முழு சிலிண்டரோடு சரியாக இருந்த ஈயம் கடைசி ஐந்து மீட்டரில் போதாமல் போவது இதனால்தான்.

இந்த இடத்தில் வலுவான மறுப்பு ஒன்று வரும். வாடகைச் சாமானை எப்படி நம்புவது, உயிர் விஷயமாயிற்றே என்பார்கள். நியாயமான கவலை. ஆனால் எல்லாமே சொந்தச் சாமான் என்று சொல்கிறவரும் வாடகை சிலிண்டரில், அந்தக் கடையின் கம்ப்ரஸர் நிரப்பிய காற்றைத்தான் மூச்சிழுக்கிறார். கடையை நம்புவதா வேண்டாமா என்ற கேள்விக்கு அவர் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டார். கம்ப்ரஸர் அறையைப் பார்த்து நம்பிக்கை வரவில்லை என்றால் சொந்த பிசிடி எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை, வேறு கடைக்குப் போவதே சரி. நம்பிக்கை வந்துவிட்டால், அதற்குப் பிறகும் உங்களுடையதாக இருக்க வேண்டியவை எவை என்பதுதான் கேள்வி. மாஸ்க் முகத்துக்கு முகம் மாறும். பவர் கண்ணாடி போட்ட மாஸ்க் வாடகைக்குக் கிடைப்பது அரிது. டைவ் கம்ப்யூட்டர் உங்கள் உடம்பு நைட்ரஜனைச் சேர்த்த கணக்கை நாள் விட்டு நாள் தொடர்கிறது, இன்னொருவர் கையில் இருந்ததை வாங்கிக் கட்டினால் அந்தக் கணக்கு உங்களுடையதல்ல. ரெகுலேட்டரை யார் எப்போது சர்வீஸ் செய்தார் என்பது உங்களுக்கு மட்டுமே நிச்சயமாகத் தெரியும். மூன்றும் சேர்ந்து நாலு கிலோ வராது. சொந்த ரெகுலேட்டர் இல்லாதவர்கள் ஒரு மௌத்பீஸும் இரண்டு பிளாஸ்டிக் கட்டுப்பட்டையும் வைத்துக்கொண்டால், வாடகை ரெகுலேட்டரில் மாட்டிக்கொள்ளலாம். சில பத்து கிராமில் பாதி மனக்குறை தீரும்.

பிசிடி வாடகைக்கு எடுக்கிறவர் கடையிலேயே பத்து நிமிடம் செலவழிக்க வேண்டும். வாயால் ஊதி முழுக்க நிரப்பிக் கீழே வைத்துவிட்டு மற்ற சாமான்களைப் பாருங்கள். திரும்பி வரும்போது அது அதே விறைப்பில் இருக்க வேண்டும். ஹோஸை மாட்டிக் காற்றேற்றும் பொத்தானை இரண்டு முறை அழுத்திவிடுங்கள். விரலை எடுத்த பிறகும் சீறல் நிற்கவில்லை என்றால் அந்தப் பிசிடி வேண்டாம். காற்றை வெளியேற்றும் கயிறுகள் ஒவ்வொன்றையும் இழுத்து, விட்டதும் மூடுகிறதா பாருங்கள். ரெகுலேட்டர் வாடகை என்றால், சிலிண்டரைத் திறந்தபின் கேஜைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு நாலைந்து முறை மூச்சிழுக்க வேண்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் விழுந்து விழுந்து எழுந்தால் வால்வு முழுக்கத் திறக்கவில்லை, அல்லது உள்ளே அடைப்பு. இந்தச் சோதனைகள் சொந்தச் சாமானுக்கும் பொருந்தும், விமானத்தில் வந்து இறங்கிய பிறகு இன்னும் அதிகமாகப் பொருந்தும். இன்னொன்றையும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். ரெகுலேட்டர்கள் சிலிண்டரில் திருகும் டின் வகையாகவோ, மேலே கவ்விப் பிடிக்கும் யோக் வகையாகவோ இருக்கும். டின் ரெகுலேட்டர் எடையில் சற்றுக் குறைவு, பயணத்துக்கு நல்லது. ஆனால் போகிற கடையின் சிலிண்டர்கள் யோக் மட்டும் ஏற்பவையாக இருந்தால் அடாப்டர் இல்லாமல் அது வெறும் பித்தளை.

கைப்பையில் ரெகுலேட்டரா, செக்யூரிட்டியில் விடுவார்களா என்ற சந்தேகம் பலருக்கு உண்டு. ரெகுலேட்டரில் அழுத்தக் காற்று எதுவும் இல்லை, கூர்மையான பாகமும் இல்லை, பொதுவாகத் தடையில்லை. ஆனால் எக்ஸ்ரே திரையில் பித்தளை உருண்டையும் அதிலிருந்து நாலு குழாயும் விசித்திரமாகத்தான் தெரியும், எனவே பையைத் திறக்கச் சொல்வார்கள். அடியில் புதைத்து வைக்காமல் மேலாக வைத்திருந்தால் ஒரு நிமிட வேலை. தண்ணீருக்கடியில் மூச்சு விடும் கருவி என்று ஒரே வரியில் சொல்லுங்கள். ஸ்கூபாவின் தத்துவத்தை அங்கே விளக்க வேண்டாம். இறுதி முடிவு சோதனையில் நிற்பவருடையது என்பதால் மாற்று ஏற்பாடும் தேவை. ரெகுலேட்டரை அதற்கான மெத்தைப் பையில் தனியாக வைத்திருந்தால், மறுக்கிற அபூர்வமான நேரத்தில் கவுன்டருக்குத் திரும்பி அதை மட்டும் செக்-இன் செய்துவிடலாம். அதற்கு நேரம் வேண்டும், ஆகவே அரை மணி முன்னதாகப் போங்கள். சுருட்டும்போது ஹோஸ்களைப் பெரிய வட்டமாக வளையுங்கள்; உலோக முனையை ஒட்டி மடங்கினால் ரப்பர் அங்கேதான் வெடிக்கும். முதல் நிலையின் வாய்க்கு மூடி போட்டிருக்க வேண்டும், மூடி உலர்ந்திருக்க வேண்டும். கத்தி, நைலான் கயிறு அறுக்கும் கருவி, ஆலன் கீ, ஸ்பேனர் எல்லாம் செக்-இன் பைக்கு. ஃபின்ஸைக் கைப்பையில் கொண்டுபோக முயல வேண்டாம். கைப்பைக்கு நீளம் பெரும்பாலும் 55 சென்டிமீட்டர்தான், ஃபின்ஸ் அதைத் தாண்டும். கேமராவுக்கான நீர்புகா பெட்டியை மூடும்போது அதன் ஓ-ரிங்கை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று மேலே போனதும் வெளியே தள்ளும்.

எடையில் தாராளம் காட்டுகிற ஏர்லைன்கூட பேட்டரியில் காட்டாது, காட்டவும் கூடாது. லித்தியம் பேட்டரிக்கு உலகளவில் பின்பற்றப்படும் வரம்பு வாட்-அவர் கணக்கில் இருக்கிறது. 100 வாட்-அவர் வரை பொதுவாகத் தடையில்லை. 100 முதல் 160 வரை ஏர்லைனின் அனுமதி வேண்டும், அதிலும் உபரி பேட்டரி இரண்டுக்கு மேல் கூடாது. 160-க்கு மேல் பயணிகள் பையில் இடமில்லை. நீருக்கடி ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் பலர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். கணக்கு எளிது. வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்க வேண்டும். கை டார்ச்சில் போடும் 18650 பேட்டரி 3.6 வோல்ட், 3.4 ஆம்பியர்-அவர் என்றால் 12 வாட்-அவர்தான், கவலையில்லை. குகைக்கும் கப்பல் சிதைவுக்கும் போகிறவர்கள் இடுப்பில் மாட்டும் பெரிய விளக்கின் பேட்டரி 10.8 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் என்றால் 108 வருகிறது. எட்டு வாட்-அவர் கூடியதற்காக முன் அனுமதி வாங்க வேண்டும், விமான நிலையத்துக்கு வந்து கேட்டால் நடக்காது. உபரி பேட்டரியும் பவர் பேங்கும் எப்போதும் கைப்பையில்தான், முனைகளில் டேப் ஒட்டியோ தனித்தனி உறையிலோ. கார்கோ பகுதியில் பேட்டரி தீப்பிடித்தால் யாரும் கை நீட்ட முடியாது என்பது காரணம். டைவிங் டார்ச்சுக்குத் தனி எச்சரிக்கை உண்டு. தண்ணீர் குளிர்விக்கும் என்ற நம்பிக்கையில் வடிவமைத்த விளக்கு, பைக்குள் தற்செயலாக எரிந்தால் துணியைக் கருக்கும் அளவு சூடாகும். அதனால் அதை வெப்பம் உண்டாக்கும் கருவியாகவே விதிகள் கருதுகின்றன. பேட்டரியைக் கழற்றித் தனியாக வையுங்கள். விமானத்தில் இடமில்லை என்று வாசலில் கைப்பையை வாங்கி கார்கோவுக்கு அனுப்பும்போது பேட்டரிகளை வெளியே எடுத்துக்கொள்ளவும் மறக்க வேண்டாம்.

சொந்தப் பணம், கூடுதல் எடைக்குக் கட்டணம் கட்டிவிட்டு நிம்மதியாகப் போகிறேன் என்பது அடுத்த மறுப்பு. பெரிய விமானத்தில் நேராக இறங்கும் ஊருக்கு இது ஓரளவு செல்லும். நல்ல டைவிங் இடங்கள் பெரும்பாலும் அப்படி அமைவதில்லை. மாலே வரை 23 கிலோ பை இரண்டு வந்துவிடலாம். அங்கிருந்து தூரத்து ரிசார்ட்டுக்குப் போகும் கடல் விமானம் ட்வின் ஆட்டர், அதில் வழக்கமான அளவு 20 கிலோ பையும் 5 கிலோ கைப்பையும். பை அடுத்த நடையில் வந்து சேர்வதும் அங்கே சாதாரணம். லட்சத்தீவின் அகத்தி ஓடுதளம் சுமார் 1,200 மீட்டர்தான். இறங்குவது ஏடிஆர் போன்ற சிறு விமானம், தலைக்கு மேல் இருக்கும் பெட்டியில் சாதாரண சூட்கேஸே முட்டும். சிறு விமானத்தில் எடை என்பது கட்டண விஷயம் மட்டுமாக இருப்பதில்லை, அது ஓடுதள நீளத்தோடு சம்பந்தப்பட்ட விஷயம். எவ்வளவு பணம் நீட்டினாலும் சில நாள் பை ஏறாது. ஆகவே பையின் அளவை வழியில் வரும் மிகச் சிறிய விமானத்தை வைத்துத் தீர்மானியுங்கள். ஒரே டிக்கெட்டில் இணைத்த பயணமா, தனித்தனி டிக்கெட்டா என்பதையும் பாருங்கள். ஒரே டிக்கெட் என்றால் பொதுவாக ஒரே பை விதி கடைசிவரை பொருந்தும்; தனித்தனியாக வாங்கினால் ஒவ்வொரு கவுன்டரும் தன் விதியைத்தான் பேசும். பெரிய விமானத்திலும் ஒற்றைப் பை 32 கிலோவைத் தாண்டினால் பணம் கட்டினாலும் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். பையைத் தூக்கும் தொழிலாளியின் முதுகுக்கான வரம்பு அது, அதில் பேரம் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் எடை மிஞ்சினால் அப்போது காசுக் கணக்கு. கிலோ கட்டணத்தை மிஞ்சிய கிலோவால் பெருக்கி, பிறகு இரண்டால் பெருக்க வேண்டும், திரும்பி வரவும் வேண்டுமே. இந்த இரண்டை விட்டுவிட்டுத்தான் பலர் சொந்த பிசிடி மலிவு என்ற முடிவுக்கு வருகிறார்கள். அந்தத் தொகையை நாள் வாடகையோடு ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று நாள் டைவ் என்றால் பெரும்பாலும் வாடகை வெல்லும், பத்து நாள் என்றால் சொந்தச் சாமான் வெல்லக்கூடும். கூடுதல் எடையை இணையத்தில் முன்கூட்டி வாங்குவது வழக்கமாகக் கவுன்டர் விலையைவிடக் குறைவு. சில ஏர்லைன்கள் ஸ்கூபாவை விளையாட்டுச் சாமான் என்று தனியே சலுகையில் சேர்க்கின்றன. அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது ஒரே ஒரு விஷயத்தைத் தேடுங்கள்: சலுகை வழக்கமான பைக்கு மேல் கூடுதலா, அல்லது வழக்கமான பைகளில் ஒன்றாகவே எண்ணப்படுமா? இரண்டாவது என்றால் சலுகை என்ற பெயரில் எதுவும் கொடுக்கவில்லை. ரெகுலேட்டரைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஈயக் கட்டியை ஜாக்கெட் பையில் திணித்துக்கொண்டு நுழைந்துவிடலாம் என்ற யோசனையும் சுற்றில் இருக்கிறது. ஒரு நாள் நடக்கும், மறுநாள் வாசலில் எடை பார்ப்பார்கள். பத்தில் ஒரு முறை தோற்கக்கூடிய உபாயத்தை நம்பி டைவ் படகின் நேரத்தைப் பணயம் வைப்பது கெட்டிக்காரத்தனமாகாது.

இனி அளவுகோலின் கடைசிச் சோதனை. பை வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கன்வேயர் நின்றுவிட்டது, படகு நாளை காலை ஏழு மணிக்கு. எல்லாவற்றையும் செக்-இன் செய்தவரிடம் இப்போது ஒன்றும் இல்லை. இங்கே சொன்னபடி பிரித்தவரிடம் மாஸ்க், ரெகுலேட்டர், கம்ப்யூட்டர், டைவிங் சான்று அட்டை, ஒரு நீச்சல் உடை இருக்கின்றன. பிசிடியும் ஃபின்ஸும் வெட்சூட்டும் கடையில் கிடைக்கும். அவர் காலையில் தண்ணீரில் இருப்பார். விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் முன் கவுன்டரில் புகார் எழுதி அதன் எண்ணை வாங்கிவிடுங்கள். சர்வதேசப் பயணங்களுக்குப் பொருந்தும் 1999-ஆம் ஆண்டு மான்ட்ரியால் உடன்படிக்கையின்படி, பையில் சேதம் என்றால் பை கைக்கு வந்த 7 நாளுக்குள்ளும், தாமதம் என்றால் பை கிடைத்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். இழப்பீட்டின் உச்ச வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர்., ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர். இது பைக்கு அல்ல, ஆளுக்கு. முழு செட்டும் கேமராவும் சேர்த்தால் இதைத் தாண்டுவது எளிது. பையை ஒப்படைக்கும்போதே கூடுதல் மதிப்பை அறிவித்து, கேட்டால் அதற்கான தொகையையும் கட்ட அந்த உடன்படிக்கை வழி வைத்திருக்கிறது, பயன்படுத்துகிறவர் குறைவு. புறப்படும் முன் சாமான்களைத் தரையில் பரப்பியிருக்கிறீர்களே, அப்போதே போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். ரசீதுகளோடு அந்தப் படமும் இருந்தால் பேச்சு சுருங்கும்.

போகும்போது சரியாக இருந்த எடை திரும்பும்போது சரியாக இருப்பதில்லை. வெட்சூட்டின் ரப்பர் நுரை, பிசிடியின் மெத்தை, பூட்ஸ், பட்டைகள் எல்லாம் தண்ணீர் குடிப்பவை. அரைகுறையாகக் காய்ந்த செட் இரண்டு கிலோ வரை கூட்டிக் காட்டும். இதற்கு மருத்துவ விதி ஒன்று வசதியாக அமைந்திருக்கிறது. பல நாளோ பல முறையோ டைவ் செய்தவர் கடைசி டைவுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது என்கிறது டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க். ஒரே ஒரு சாதாரண டைவ் என்றால் 12 மணி. அழுத்தம் குறைப்பதற்காக நடுநீரில் நின்று வர வேண்டிய ஆழமான டைவ் என்றால் 18 மணியும் போதாது, ஒரு முழு நாள் விடுவது நல்லது. விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் 8,000 அடி உயரத்து மலையில் இருப்பதற்குச் சமமாகக் குறையலாம். உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகக் கிளம்ப அது போதும். உடம்பு காத்திருக்கும் அந்த 18 மணி நேரம் சாமான் காயவும் கிடைக்கிறது. நல்ல தண்ணீரில் அலசி, பிசிடியின் பைக்குள் புகுந்த நீரைத் தலைகீழாகப் பிடித்து வெளியேற்றி, வெட்சூட்டை உள்பக்கம் வெளியே தெரியும்படி நிழலில் தொங்கவிடுங்கள். பாதி நேரத்தில் அதைத் தலைகீழாக மாற்றித் தொங்கவிட வேண்டும். தண்ணீர் எல்லாம் கணுக்காலில்தான் வந்து தேங்கியிருக்கும்.